ஓக்புன் தள்ளி வைத்த கிண்ணம்

நாகப்பட்டினம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே பாதி ஆயுளைக் கழித்த வடிவாம்பாள், ராஜா ராணி காலத்துக் கொரிய சீரியல்களை ஒன்று விடாமல் பார்த்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டு, அவள் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்து, கல்யாணம்தான் நடக்காமல் போன நகைகளை விற்றுத் தனியாக விமானம் ஏறி, வருஷப் பிறப்புக்கு சியோல் பட்டணமே வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும் என்ற விவரம் தெரியாமல் சரியாக அந்த வாரத்திலேயே போய் இறங்கி, ஆளரவமில்லாத தெருவில் பெட்டியோடு திருதிருவென்று விழித்துவிட்டு, எல்லாரும் போகிற பக்கம் நாமும் போவோம் என்று ஒரு பஸ்ஸில் ஏறி, பஸ் நின்ற துறையில் கிடந்த படகிலும் ஏறி, தெற்குக் கடலில் ஹேமுதோ என்ற தீவில் போய் இறங்கினாள்.

துறையில் நின்றிருந்த ஊர்த்தலைவர் பாக்கைப் பார்த்து, "தங்கள் தேசத்தில் இந்த ஏழைக்குத் தங்க ஓரிடம் அருள்வீர்களாக" என்றாள். சீரியலில் மகாராணிகள் அப்படித்தான் பேசுவார்கள். பாக் பெரிய மனிதர், சிரிக்கவில்லை. வாயைக் கையால் மூடி இருமுவதுபோல் இருமிவிட்டு, அவளுடைய பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு, வாசல் அறையை வாடகைக்கு விடும் மியோங்ஜாவின் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி இருபத்தைந்து, இருபத்தாறு இருப்பாள். ஊறுகாய் ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தாள். மற்றவள் எழுபதைத் தொட்டவள். தலை பஞ்சாக வெளுத்து, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வடிவாம்பாள் நேரே கிழவியிடம் போய்க் குனிந்து வணங்கி, "அம்மா" என்றாள்.

"நான் மகம்மா, மியோங்ஜா. அம்மா அதோ, ஜாடி தூக்கிட்டுப் போறாளே, அவதான்" என்றாள் கிழவி.

வடிவாம்பாள் ஜாடிக்காரி பக்கம் திரும்பி இன்னொரு முறை குனிந்தாள். ஊர் விட்டு ஊர் வந்தால் அந்தந்த ஊர் வழக்கத்தைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

விஷயம் இதுதான். கொரியாவில் வருஷப் பிறப்பன்று காலையில் ஒரு சூப் வைப்பார்கள். அரிசி மாவை இடித்து, குழலாக உருட்டி, சாய்வாக நறுக்கிய வெள்ளை வில்லைகளைக் கொதிக்கும் சாற்றில் போட்டது. அதை ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்று நாடு முழுக்கச் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஹேமுதோவில் அது நிஜமாகவே கூடும். சாப்பிட்ட கையோடு குழந்தைகளின் சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும், பெரியவர்களின் காதோரத்தில் ஒரு மயிர் வெளுக்கும். சாப்பிடாதவருக்கு வயது அப்படியே நிற்கும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் யார்தான் சாப்பிடுவார்கள் என்று வடிவாம்பாளும் கேட்டாள். முயற்சி பண்ணாமலா இருந்தார்கள்? ஒரு வருஷம் தீவின் அழகிகள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு சூப்பைத் தொடாமல் இருந்தார்கள். பக்கத்து அடுப்பின் வாசனையும் வீட்டுக்காரர்களின் கேலியும் சேர்ந்து மூன்றாம் நாள் அவர்களைச் சட்டியண்டை கொண்டுவந்து விட்டன. இன்னொரு வருஷம், மீன் ஏலம் போடும் ஒருவன் இளமையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று வீம்பு பிடித்தான். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவனுக்கு ஒரு வயது மூத்தவர்களாகிவிட்டார்கள். நேற்றுவரை வாடா போடா என்றவர்களை அண்ணன் என்று கூப்பிட்டு, மூத்தவர் முன்னால் அங்கே செய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்து, இரண்டு கையாலும் அவர்களுக்கு ஊற்றிக்கொடுத்து அலுத்துப்போனவன், அடுத்த வருஷம் யாரும் கேட்காமலே இரண்டு கிண்ணம் குடித்துக் கணக்கை நேர் பண்ணிக்கொண்டான். இப்படியாக எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக மூப்படைந்தார்கள், மியோங்ஜாவின் அம்மா ஓக்புன் ஒருத்தியைத் தவிர.

ஓக்புனின் புருஷன் மான்சு, மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, பலகையும் வரவில்லை. அடுத்த வருஷப் பிறப்பன்று ஓக்புன் தன் முன்னால் வைத்த சூப்பை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். "அவர் திரும்பி வரும்போது என்னை அடையாளம் தெரியணும்" என்றாள். அந்த வருஷம் யாரும் வற்புறுத்தவில்லை. அதற்கப்புறம் வற்புறுத்தியும் பலனில்லை.

தீவு அவளைச் சுற்றி மூத்தது, அவளோடு வாழவும் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு தலைமுறைப் பையனும் மீசை முளைக்கும் வயதில் ஒருமுறை ஓக்புனைக் காதலித்துவிட்டுத்தான் ஆளானான். பிறகு அவளைவிட மூத்தவனாகி, தங்கையைப் போலவும் மகளைப் போலவும் பார்த்து, ஆனால் கூப்பிடும்போது மட்டும் கடைசிவரை பெரியம்மா என்றே கூப்பிட்டான். முதியோர் கூடத்தில் அவளுக்கு முதல் இடம் போட்டிருந்தார்கள். அவளும் தன் வயதுக் கிழவிகளோடு சரிசமமாக உட்கார்ந்து கால் வலியைப் பற்றி மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அவர்களால் தூக்க முடியாத அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். கரையிலிருந்து மாற்றலாகி வரும் ஒவ்வொரு புது குமாஸ்தாவும் அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து முதல் வருஷம் தலையைச் சொறிவான், இரண்டாம் வருஷம் "அம்மா சௌக்கியமா" என்று கேட்பான். மகள் தாயைவிட மூத்தவளாகத் தெரிய ஆரம்பித்த வருஷத்தில்தான் யார் யாருக்கு முதலில் வணங்குவது என்று ஒரு சிக்கல் வந்தது. ஊர் கூடிப் பேசி, வயது முகத்தில் இல்லை, பிறந்த வரிசையில்தான் இருக்கிறது, ஆகையால் ஓக்புனுக்குத்தான் முதல் வணக்கம், சிரிப்பு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வணங்கலாம் என்று தீர்த்து வைத்தது. இதையெல்லாம் கேட்கக் கேட்க வடிவாம்பாளுக்கு இந்த ஜனங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒருத்தியின் பிடிவாதத்துக்கு ஓர் ஊரே இடம் விட்டு நடப்பதை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாயங்காலம் மியோங்ஜாவோடு உட்கார்ந்து வில்லை நறுக்கினாள். ஓக்புன் கடற்கரைக்குப் போயிருந்தாள்.

"அம்மாவுக்கு எதுக்கு நறுக்கணும், சாப்பிட மாட்டாங்கன்னு சொன்னீங்களே அக்கா?" என்றாள் வடிவாம்பாள். இதற்குள் மியோங்ஜா அவளுடைய மகாராணிப் பேச்சைப் பாதி திருத்தியிருந்தாள்.

"வருஷா வருஷம் வைக்கிறேன். வருஷா வருஷம் தள்ளுறா. இந்த வருஷமாவது ஒரு கிண்ணம் உள்ளே போகணும் வடிவு." மியோங்ஜா கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு நெஞ்சு சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாச்சு, ரொம்ப நாள் ஓடாதுன்னுட்டாங்க. நான் போயிட்டா அவளுக்கு யாரு? இந்தத் தெருவே போயிடும், பாக் போயிடுவாரு, பாக்கோட பேரனும் கிழவனாகிப் போயிடுவான். அவ மட்டும் அந்த வாசல்ல இருபத்தாறு வயசோட உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டே இருப்பா. முடிவே கிடையாது அதுக்கு. அம்மாவைப் பொதைச்சுட்டு அழுறது எல்லாப் பிள்ளைக்கும் விதிச்சது. எனக்கு அதுகூட இல்லையே."

வடிவாம்பாள் அந்தக் கத்தியை எடுத்து மிச்சத்தை நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே, நாளைக்குத் தனக்கு சிப்பி போட்ட சூப் வேண்டாம், அமாவாசையன்று கவிச்சி சாப்பிடும் வழக்கமில்லை என்றாள். ஆமாம், இவர்களுடைய வருஷப் பிறப்பு அமாவாசையில்தான் பிறக்கிறது. இந்த வருஷம் அது தை அமாவாசையாகவே வாய்த்துவிட்டது. "அதுக்கென்ன, உனக்குத் தனியா எடுத்து வைக்கிறேன்" என்றாள் மியோங்ஜா.

விடிந்ததும் வடிவாம்பாள் பச்சைத் தண்ணீரில் குளித்து, நடுங்கிக்கொண்டே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். அறை முழுக்க ஒரு நீள மேசை. வடக்கே மடித்து விரிக்கும் படத் தட்டி, கிழக்கே சிவப்புப் பழம், மேற்கே வெள்ளைப் பழம், மீன் தலை இன்ன திசை, வால் இன்ன திசை என்று மான்சுவின் தாய் தகப்பனுக்குப் படையல் போட்டிருந்தது. கதவை லேசாகத் திறந்து வைத்திருந்தார்கள், படையலுக்கு வருகிற முன்னோர்கள் உள்ளே வர வேண்டுமே என்று. பாக் ஒன்றுவிட்ட உறவு என்பதால் முன்னால் நின்று சாராயம் ஊற்றி, நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்தார். "செத்தவங்களுக்கு ரெண்டு, இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. மாத்திடாதீங்க, ரொம்பத் தப்பு" என்று வடிவாம்பாளின் காதில் சொன்னார். அவளுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. எள்ளும் தண்ணீரும் இல்லையே தவிர மற்றதெல்லாம் நம்ம வீடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

படையல் முடிந்ததும் ஊர்க்காரர்கள் புத்தாடையில் ஒவ்வொருவராக முற்றத்தில் சேர ஆரம்பித்தார்கள், தீவிலேயே மூத்தவளான ஓக்புனுக்கு வணக்கம் சொல்ல. இனி சாப்பாடு. வடிவாம்பாளுக்கு ஒரே ஒரு குறை. அமாவாசையும் அதுவுமாகக் காக்காய்க்கு வைக்காமல் வாயில் எப்படிப் பருக்கை வைப்பது? செத்துப்போன அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி வந்து தேடினால்? சூப்பை மதில்மேல் ஊற்ற முடியாது, சாதம் வேண்டும். தேடிக்கொண்டு பின்னறைக்குப் போனவள், தரைக்கு அடியில் ஓடும் அடுப்புச் சூடு அதிகமுள்ள மூலையில் ஒரு போர்வைக்கு அடியில் மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தைக் கண்டாள். திறந்தால் வெள்ளைச் சாதம், ஆவி பறக்க. தனக்கென்று மியோங்ஜா எடுத்து வைத்தது இதுதான் என்று மனம் குளிர்ந்து போய், புண்ணியவதி, சூடு ஆறக் கூடாதென்று போர்வை வேறு போர்த்தியிருக்கிறாளே என்று வாழ்த்திக்கொண்டே கிண்ணத்தோடு வெளியே வந்தாள்.

அந்தக் கிண்ணம் யாருடையது என்று தீவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அது மான்சுவின் கிண்ணம். புருஷன் பசியோடு வந்தால் ஆறின சோறு போடக் கூடாதென்று, ஓக்புன் தினம் தினம் விடியலில் தன் கையால் பொங்கி, போர்த்தி, மறுநாள் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். வெளியூர் போன, உயிரோடு இருக்கிற புருஷனுக்கு வைக்கும் சோறு அது.

வடிவாம்பாள் ஒரு பிடி அள்ளி மதில்மேல் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, கடலைப் பார்த்து உரக்க, "கா... கா... கா..." என்று கூப்பிட்டாள்.

முற்றத்தில் சத்தம் அடங்கியது. காக்காய் என்றால் அந்த ஊரில் சாவு, துரத்துவார்களே தவிர விருந்துக்கு அழைக்க மாட்டார்கள். யாரோ ஒருத்தி கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வாயில் துணியை வைத்துக்கொண்டாள். மியோங்ஜா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஓக்புன் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கி வந்தாள்.

"என்ன பண்றே நீ?"

வடிவாம்பாள் சிரித்த முகமாக, "இன்னிக்கு அமாவாசைம்மா. எங்க ஊர்ல செத்துப் போனவங்களுக்கு முதல்ல காக்காய்க்கு வைப்போம். அவங்களே வந்து சாப்பிட்ட மாதிரி" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். "இது... எனக்கு எடுத்து வச்ச சோறில்லையா?"

"அது என் வீட்டுக்காரர் சோறு" என்றாள் ஓக்புன்.

வடிவாம்பாளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. மதில்மேல் இருந்ததை வாரி எடுக்கப் பாய்ந்தாள். ஓக்புன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உயிரோட இருக்கிறவங்க பேர்ல வச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இளம் முகத்தில் இருந்த கண்கள் மிக வயதானவை. அவற்றிடம் பொய் சொல்ல வடிவாம்பாளுக்கு நா எழவில்லை. "காக்கா தொடாதும்மா. எத்தனை கூப்பிட்டாலும் கிட்ட வராதுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அப்போ இருக்கட்டும். பார்ப்போம்."

ஊரே நின்றது. பைன் மரத்திலிருந்து ஒரு காக்காய் இறங்கி மதிலின் கோடியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. பிறந்ததிலிருந்து காக்காய் எடுக்க வேண்டுமே என்று வேண்டியே பழகிய வடிவாம்பாள், அன்றைக்கு முதல் தடவையாக, போயேன், போய்விடேன் என்று அதைக் கெஞ்சினாள். மியோங்ஜாவும், அம்மா ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும் என்று உருகிக்கொண்டிருந்தவள்தான், அந்த நிமிஷத்தில் காக்காய் பறந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டினாள். காக்காய் தத்தித் தத்தி வந்தது. ஒரு பருக்கையைக் கொத்தியது. நிமிர்ந்து ஓக்புனைப் பார்த்தது. பிறகு நாள் கணக்கில் பட்டினி கிடந்தவனைப் போல அவசர அவசரமாகக் கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு, அலகை மதிலில் இருபுறமும் துடைத்துக்கொண்டு கடல் பக்கமாகப் பறந்து போனது.

ஓக்புன் அது போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாளா, வெளியூர்க்காரியை அடிப்பாளா என்று யாருக்கும் தெரியவில்லை. "நல்லாப் பசியோட இருந்திருக்கார்" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய், படையல் மேசையின் கோடியில் ஒரு கிண்ணமும் கரண்டியும் வைத்து, புடவைபோல் விரியும் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அதன் முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தாள். ஒரு மூச்சு நின்றாள். மறுபடியும் விழுந்தாள்.

இரண்டாவது தடவை அவள் எழுந்தபோது முற்றத்திலிருந்த ஆண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். ஓக்புன் மகளைத் திரும்பிப் பார்த்து, "சூப் இருக்கா?" என்றாள்.

இருக்கிறதா என்றா கேட்பது! ஆனால் ஒரு வீட்டுச் சட்டி எந்த மூலைக்கு? சொல்லி வைத்ததுபோல ஊரே வீட்டுக்கு ஓடியது. சிப்பி சூப், மாட்டுக்கறி சூப், நெத்திலிச் சாற்று சூப், முள்ளங்கி போட்டது, முட்டை அடித்து ஊற்றியது என்று அவரவர் அடுப்பில் இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டும்போது, அது எந்த வருஷம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், அவள் பார்க்காமல் விட்ட வருஷம் எது என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

"இது பெரிய புயல் அடிச்ச வருஷம் பெரியம்மா, எங்க கூரை போச்சு" என்றான் ஒருவன். அவள் குடித்தாள், கண்ணோரத்தில் ஒரு கோடு விழுந்தது. "இது தீவுக்குக் கரண்டு வந்த வருஷம்." குடித்தாள். "இது நான் உங்களுக்குப் பாட்டு எழுதிக் குடுத்த வருஷம்" என்றார் பாக், வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு. அவர் பெண்சாதி அவரை முழங்கையால் இடிக்க, ஓக்புன் முதல் முறையாகச் சிரித்தாள், சிரித்த இடத்தில் சுருக்கம் அப்படியே தங்கியது. "இது மியோங்ஜாவுக்குக் கல்யாணமான வருஷம்." தோள் லேசாகத் தளர்ந்தது. "இது மியோங்ஜாவோட குழந்தை தங்காம போன வருஷம்" என்று பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு நீட்டினாள். ஓக்புனின் கரண்டி பாதி வழியில் நின்றது. அந்தக் கிண்ணத்தை அவள் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சொட்டு வரை குடித்தாள், அதைக் குடித்து முடித்தபோது தலையில் பாதி வெளுத்திருந்தது. வயிறு எப்படிக் கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. மருமகன் இறந்த வருஷமும், படகுத்துறை கட்டின வருஷமும், பள்ளிக்கூடத்தை மூடின வருஷமும் வரிசையாக வந்தன, அவள் எதையும் தள்ளவில்லை.

ஒரு கிண்ணத்தில் அவளும் மியோங்ஜாவும் ஒரே வயதாகிவிட்டார்கள். அதே வெள்ளைத் தலை, அதே மூக்கு, அதே மூச்சு வாங்கல், இரட்டைப் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்ததுபோல் இருந்தது. மியோங்ஜா அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. இங்கேயே நின்னுடு. ரெண்டு பேரும் சேர்ந்தாப்போல இருப்போம். இன்னும் சாப்பிட்டா நீ..."

"செத்துப் போயிடுவேனா?"

நேற்றுவரை மியோங்ஜா ஆசைப்பட்டதே அதற்குத்தான். கண்ணெதிரே வரும்போது கிண்ணத்தை விடாமல் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் உன் தங்கச்சி இல்லைடி, அம்மா" என்றாள் ஓக்புன். மகளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சமிருந்த வருஷங்களையும் வாங்கிக் குடித்தாள். வடிவாம்பாளின் முறை வந்தபோது நீட்ட அவளிடம் சூப் இல்லை. காலிப் பித்தளைக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் குனிந்தாள். ஓக்புன் எலும்பும் தோலுமான கையை அவள் தலையில் வைத்து, "எவ்வளவு தூரத்துலேருந்து வந்து கூப்பிட்டுக் குடுத்தே அவரை" என்றாள்.

பிறகு ஓக்புனை நடு அறையில் மெத்தைமேல் உட்கார வைத்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய கிழவியாக, முதுகு வளைந்து, பல் போய், பார்வை மட்டும் கூர்மையாக உட்கார்ந்திருந்தாள். மியோங்ஜா பட்டுப்பாவாடையை விரித்து, மெதுவாக மண்டியிட்டு, அம்மாவுக்கு ஒரே ஒரு முறை விழுந்து வணங்கினாள். ஊரில் யாருக்கும் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. விழுந்தவள் எழவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது என்று பாக் தூக்கப் போனார். ஓக்புன் வேண்டாம் என்று கையமர்த்தினாள். வணங்கியவருக்கு நல்ல வார்த்தை சொல்வது பெரியவர்களின் கடமை. என்ன சொல்லப் போகிறாளோ என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஓக்புன் மெத்தையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து, தரையில் கிடந்த அந்தத் தலையைத் தொட்டாள்.

"என் பொண்ணுக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?" என்றாள். "நான் பாக்கவே இல்லையேடி."

மியோங்ஜா முகத்தை அம்மாவின் மடியில் புதைத்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள், எழுபது வயது ஓடிப்போய் எங்கேயோ ஒளிந்துகொண்டது. அழுகை ஓய்ந்ததும் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அம்மா, பசிக்குதும்மா. காலையிலேருந்து நான் இன்னும் ஒண்ணும் சாப்பிடலை."

வடிவாம்பாள் ஓடினாள், பாக்கின் பெண்சாதி ஓடினாள், கூட்டத்தில் பாதிப் பேர் அடுப்பண்டை போக எழுந்தார்கள். ஓக்புன் எல்லாரையும் ஓர் அதட்டுப் போட்டு உட்கார வைத்தாள். மகளின் தோளைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, தானே எழுந்து சமையலறைக்குள் போனாள்.